இடப்பக்கம் எழுவான்கரை இல்லை

காலை ஒன்பது மணியளவில், வாவியின் நட்டநடுவில், உத்தியோகத்தர் ஒருவரின் கண் முன்னால் நான் மச்சானைக் கொன்றேன்.

பயப்பட வேண்டாம். மச்சான் என்பது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கலன். முன்னொரு காலத்தில் அதில் தேங்காய் எண்ணெய் இருந்தது. படகோட்டிப் பரீட்சைக்குப் பயிற்சி தருகிறவர்கள் அதில் அரைவாசிக்குத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, கறுப்பு மையால் இரண்டு கண்ணும் ஒரு மீசையும் கீறி, ‘தண்ணீரில் விழுந்த மனிதன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் நீளமாக இருந்ததால் வகுப்பில் நாங்கள் மச்சான் என்று கூப்பிட்டோம். நல்ல மனிதர். எத்தனை தரம் தூக்கி எறிந்தாலும் முகம் கோணாதவர்.

பரீட்சகர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். மெலிந்த மனிதர். வெயில் தொப்பி, மடியில் ஒரு மட்டை, மட்டையில் ஒரு தாள். பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. கூடவே அவருடைய குரல்.

“ஆள் தண்ணிக்குள்ள. போட் பக்கம்.”

நான் ஸ்டியரிங்கைச் சுற்றினேன். தயங்காமல், அழகாக, பார்க்கிறவர்கள் மெச்சும்படி சுற்றினேன். அடுத்த கணம் எஞ்சினடியில், அவசரமாகத் தேங்காய் திருவுவதுபோல ஒரு சத்தம். பிறகு அமைதி. கண்டல் பற்றைக்குள் இருந்த கொக்கு ஒன்று, இந்த ஆளோடு ஒரே வாவியில் இருக்க முடியாது என்பதுபோல எழும்பிப் போனது.

பரீட்சகர் எட்டிப் பார்த்தார். தாளில் எதையோ எழுதினார். பிறகு மரண வீட்டுக் குரலில் சொன்னார்.

“ஐயா, எஞ்சினை நிப்பாட்டுங்க. ஆள் முடிஞ்சார்.”

ஒருவர் எழுதித் தர வேண்டும்

போன கிழமை பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் மாமனாருடைய எருமையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி ஒன்றரை நாள் என்னோடு பேசவில்லை. எருமையைப் பற்றி எழுதியது பிழையில்லையாம். எருமைக்கு மாமனாரின் சாயல் என்று எழுதியதுதான் பிழையாம். ஆகவே இந்தக் கிழமை மாமனாரை விட்டுவிட்டு அவருடைய மகளைப் பற்றி எழுதுகிறேன். இந்த ஆள் எங்கே போனாலும் மாட்டிக்கொள்வார் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

அவள் பெயர் மலர். ஊர் உன்னிச்சை. குளத்துக் கட்டுக்குக் கீழே வயல்வட்டைக்குள் பிறந்து, வயல் வரம்பில் நடந்து வளர்ந்தவள். குளத்துத் தண்ணீர் அவளுக்கு விளங்கும். கதவைத் திறந்தால் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்காலால் வயலுக்குப் போகும், வயலில் சோறாகும். எங்கள் வாவித் தண்ணீரை முதன்முதல் பார்த்தபோது அவள் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “இவ்வளவு தண்ணியும் இஞ்ச இருந்து என்ன செய்யிற?”

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும்புகிற பக்கத்துக் கரை எழுவான்கரை. படுகிற பக்கம் படுவான்கரை. நான் எழுவான்கரையான், அவள் படுவான்கரையாள். இடையில் இந்தத் தண்ணீர்.

கலியாணம் உன்னிச்சையில் நடந்தது. முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும். எல்லாரும் வாடகை வான் வண்டியில் வந்து, பாலத்தைச் சுற்றிப் போவதாகத்தான் ஏற்பாடு. நான்தான், நெஞ்சை நிமிர்த்தி, பொம்பிளையை என்னுடைய தோணியில் கூட்டிக்கொண்டு போவேன் என்றேன். படுவான்கரைத் துறையில் தோணிக்குக் குருத்தோலை கட்டி, பாய் விரித்து, கூறைச்சேலையோடு அவளை இருத்தி, நான் பட்டுவேட்டியோடு முன்பக்க அணியத்தில் நின்று கம்பு ஊன்றினேன். கரையில் நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் பிரச்சினை. சனம் பார்க்கும்போது என்னால் எந்த வேலையையும் சாதாரணமாகச் செய்ய முடியாது.

கொஞ்ச தூரத்தில் தோணி சேற்று மேட்டில் ஏறிவிட்டது. நான் முழுப் பலத்தோடு கம்பை ஊன்றித் தள்ளினேன். தோணி ஒரேயடியாகத் துள்ளிப் பாய்ந்தது. தோணியும் நானும் முன்னால் போனோம். மலர் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் சிவப்புச் சேலையோடு நின்றுகொண்டிருந்தாள். கம்பு சேற்றில் நட்டபடி நின்றது. கம்பில்லாத தோணி காற்றோடு போனது.

“எழுவான் பக்கம் வா! எழுவான் பக்கம் வா!” என்று கத்தினேன்.

நேரமோ உச்சி வெயில். சூரியன் தலைக்கு நேரே. உன்னிச்சையில் இருந்து வந்த பிள்ளைக்கு அந்த நடுத்தண்ணீரில் எழுவான் எது, படுவான் எது என்று எப்படித் தெரியும்? அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, நான் இருந்த பக்கத்துக்கு நேர் எதிராக, வந்த வழியே கரைக்கு நடந்து போனாள்.

நான் மாலையும் கழுத்துமாகத் தனியே எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பொம்பிளை எங்கே என்று கேட்டார்கள். பொம்பிளை வானில் பாலத்தைச் சுற்றிப் பின்னேரம் வந்து சேர்ந்தாள். சேலையில் சேறு காய்ந்திருந்தது. அன்றைக்கு அவள் என்னிடம் பேசிய முதல் வசனம் இது.

“உங்களுக்கு வள்ளம் ஓட்டத் தெரியும் எண்டு ஆராவது எழுதித் தரட்டும். மறுகா ஏறுறன்.”

இருபத்தாறு வருடங்கள். யாரும் எழுதித் தரவில்லை. அவளும் ஏறவில்லை.

பஸ்ஸோடு ஓட்டப் பந்தயம்

மலரின் தங்கை வாழ்க்கைப்பட்டது எங்களுக்கு எதிர்க்கரையில். எங்கள் துறையில் நின்று பார்த்தால் அவள் வீட்டுத் தகரக் கூரை மினுங்குவது தெரியும். வள்ளத்தில் இருபது நிமிடம். மலர் பஸ்ஸில்தான் போவாள். ஒரு பஸ் ஏறி, இறங்கி, காத்திருந்து, மற்றதில் ஏறி, பாலம் கடந்து, அரை நாள்.

அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் வள்ளத்தில் போவேன். அங்கே போய், தேத்தண்ணி குடித்து, சகலனோடு கதைத்து, ஒரு சின்ன நித்திரையும் கொண்டுவிட்டு, பஸ் வரும் நேரத்துக்கு சந்தியில் போய் நிற்பேன். அவள் வியர்த்து விறுவிறுத்து இறங்கி, நான் நிற்பதைக் காணாததுபோல முந்தானையால் முகத்தைத் துடைப்பாள். பையை என்னிடம் தருவாள். அவ்வளவுதான். தங்கை வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இதுதான் நடந்தது. ஒவ்வொரு தடவையும், அந்தப் பையை வாங்கும்போது, பாரம் கையில் இல்லை, வேறெங்கோ விழுந்ததுபோல இருக்கும். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. இப்போது படிக்கப் போகிறாள்.

மீன்பிடி குறைந்து, நான் எஞ்சின் வள்ளத்தில் ஆட்களை ஏற்றத் தொடங்கியிருந்தேன். கண்டல் காடு காட்டுவேன், நாரை காட்டுவேன். இங்கே மீன் பாடுமாமே என்று கேட்பவர்களுக்கு, அதற்கு இன்றைக்கு லீவு என்று சொல்வேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போதுதான் அந்த அறிவித்தல் வந்தது. இனிமேல் எஞ்சின் வள்ளத்தில் ஆட்களை ஏற்றுகிறவர் எவராக இருந்தாலும், பரீட்சை எழுதிப் படகோட்டிச் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும்.

துறையில் எல்லாரும் திட்டித் தீர்த்தார்கள். நாற்பது வருடம் ஓடின எங்களுக்குப் பரீட்சையா என்றார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் ஒன்று உறைத்தது. எனக்கு வள்ளம் ஓட்டத் தெரியும் என்று, முத்திரை குத்தி, ஒருவர் எழுதித் தரப் போகிறார்.

மலரிடம் சொன்னேன். அவள் மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“பாஸ் பண்ணினாத்தானே எழுதுவாங்க?” என்றாள்.

போட்டும் போட்டும்

வகுப்பு கிழமைக்கு இரண்டு நாள். சின்னக் கதிரை, பெரிய வயிறு. என் பக்கத்தில் காத்தான்குடி அன்சார். வளைகுடாவில் பல வருடம் கம்பனிப் படகு ஓட்டிவிட்டு ஊரோடு வந்தவன். அவனுக்கு எல்லாச் சொல்லும் தெரியும். படகின் இடப்பக்கம் ‘போர்ட்’, வலப்பக்கம் ‘ஸ்டாபோர்ட்’. இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கு, வலப்பக்கத்தில் பச்சை.

எங்கள் வாயில் படகும் ‘போட்’, இடப்பக்கமும் ‘போட்’. போட்டின் போட் பக்கம் என்று நான் எழும்பி நின்று சொன்னபோது, ஆசிரியர் எனக்குத் திக்குவாய் என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார்.

எதிரும் புதிருமாக இரண்டு படகு வந்தால் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் வாவியில் வழக்கம் வேறு. எதிரே வருகிறவன் யாருடைய மருமகன், அவனோடு நாங்கள் இப்போது பேச்சுவார்த்தையில் இருக்கிறோமா என்று பார்த்துத்தான் ஒதுங்குவோம். இதையும் எழும்பிச் சொன்னேன். எழுதிக்கொள்ள மாட்டேன் என்றார் ஆசிரியர்.

பிறகு முடிச்சு. இழுத்தாலும் இறுகாத வளையம் போடும் முடிச்சு ஒன்று. இரண்டு கிழமை அதோடு மல்லுக்கட்டினேன். வீட்டில் கயிறோடு இருந்து வியர்த்துக்கொண்டிருந்தபோது மலர் கயிற்றை வாங்கி, கண் மூடித் திறப்பதற்குள் போட்டுத் தந்தாள். இதுவா என்றாள். கன்றுக்குட்டியின் கழுத்து இறுகாமல் இருக்க அவர்கள் வீட்டில் அப்படித்தான் கட்டுவார்களாம். படித்தவன் நான், பாஸானது அவள்.

எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டேன். போர்ட் எது, ஸ்டாபோர்ட் எது என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. ஏனென்றால் நான் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். காலையில் எங்கள் துறையிலிருந்து புறப்பட்டால் எப்போதும் தெற்கே போவோம். அப்போது இடப்பக்கம் எழுவான்கரை. ஆக, போர்ட் என்றால் எழுவான்கரை. ஸ்டாபோர்ட் என்றால் படுவான்கரை. இவ்வளவுதானே. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

செய்முறைப் பரீட்சையிலும் தெற்கே போகும்வரை எல்லாம் பொன்போல நடந்தது. பரீட்சகர் மச்சானைத் தூக்கி எறிந்தது திரும்பி வரும்போது. வடக்கே வரும்போது.

ஆள் விழுந்த பக்கமே படகின் தலையைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் வாலும், வாலில் சுழலும் விசிறியும் அவரை விட்டு விலகும். “போட் பக்கம்” என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை எழுவான்கரைக்குத் திருப்பியது. வடக்கே வரும்போது எழுவான்கரை வலப்பக்கம். மச்சான் கிடந்தது இடப்பக்கம். மீதியை நீங்கள் மேலே படித்துவிட்டீர்கள்.

கரையில் அன்சார் காத்துக்கொண்டு நின்றான். அவன் முதல் ஆளாகத் தேறியிருந்தான். என் கையில் இருந்த வெட்டுப்பட்ட கலனைப் பார்த்தான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன்.

“மச்சான் மௌத்தா?”

“மௌத்து.”

“கவலப்படாத. அவருக்குப் பிள்ளகுட்டி ஒண்டும் இல்ல.”

மூன்று கிழமையில் இன்னொரு தடவை தருவார்கள். அதிலும் தவறினால் அடுத்த வருடம் முதலாம் வகுப்பிலிருந்து. ஆட்கள் வருகிற பருவமும் போய்விடும். அதைவிட, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் என்னைப் பற்றி எழுதியிருந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது என்று.

குசினி கிறுகாது

கலனை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மலர் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கலனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று வெட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. ஒரு வெட்டு மீசைக்குக் குறுக்கே. விரலை வைத்துப் பார்த்தாள்.

“இது தண்ணிக்குள்ள நிண்ட ஆளா?”

ஓம் என்றேன். நல்லகாலம், கலியாணத் தோணியில் எஞ்சின் இல்லாமல் இருந்ததே என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்திருப்போம்.

அடுத்த நாள் காலையில் குசினிக்குள் வகுப்பு தொடங்கியது. பலகையில் என்னை இருத்தினாள். என் இடப்பக்கம் சிவப்பு விளக்குக்குச் செத்தல் கொச்சிக்காய், அதாவது காய்ந்த மிளகாய், வலப்பக்கம் பச்சைக் கொச்சிக்காய். அவள் தேங்காய் திருவிக்கொண்டே கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். போர்ட்? நான் செத்தலைக் காட்டினேன். ஸ்டாபோர்ட்? பச்சையைக் காட்டினேன். ஒன்றும் பிழைக்கவில்லை. நான்கு நாள் இப்படிப் போனது. நான் மீண்டும் என் புத்தியை மெச்சத் தொடங்கினேன்.

ஐந்தாம் நாள் மலர் திருவலையை நிறுத்தினாள்.

“ஒவ்வொருக்காலும் சொல்ல முதல் என்னத்துக்கு சன்னலைப் பாக்கிறீங்க?”

நான் பார்க்கவில்லை என்றேன். பார்த்தேனாம். குசினிச் சன்னல் எழுவான் பக்கம். காலை வெயில் அதன் வழியாகத்தான் வரும். அவள் எழும்பி வந்து, கொச்சிக்காய் இரண்டையும் எடுத்து மடியில் போட்டாள். என்னைப் பலகையோடு மற்றப் பக்கம் திரும்பி இருக்கச் சொன்னாள்.

“இப்ப சொல்லுங்க. போட் பக்கம் எது?”

நான் கையை நீட்டினேன். நேராகச் சன்னலுக்கு.

“அது உங்கட சோத்துக்கை,” என்றாள்.

பிறகு விளக்கமாகச் சொன்னாள். நான் பக்கத்தைச் சொல்லவில்லையாம், கரையைச் சொல்கிறேனாம். ஒரு தரம் பல் வைத்தியரிடம் போய் ‘படுவான் பக்கத்துப் பல் வலிக்கிறது’ என்று நான் சொன்னதையும் எடுத்து வைத்தாள். அந்தக் கதை அவள் கட்டியது. பல் வலித்தது மட்டும் உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் மேசையைத் தள்ளுவதென்றாலும் எழுவான் பக்கம் கொஞ்சம் தள்ளு என்றுதான் சொல்வேன். இடமும் வலமும் எனக்குச் சோறு தின்னும்போது மட்டும்தான் தேவைப்பட்டிருக்கின்றன.

“இஞ்ச இருந்து படிச்சு சரிவராது,” என்றாள் மலர். “குசினி கிறுகாது. வள்ளம் கிறுகும்.”

கிறுகுவது என்றால் எங்கள் பக்கத்தில் திரும்புவது. அப்படியானால் வள்ளத்தில் வைத்து யார் எனக்குக் கேள்வி கேட்பது என்று கேட்டேன். அன்சாருக்கு அந்தக் கிழமை முழுக்க ஓட்டம் இருந்தது. அவள் தேங்காயைத் திருவி முடித்தாள்.

அவள் மாறி இருந்தது

அடுத்த நாள் காலையில் நான் துறையில் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். மலர் வந்து நின்றாள். கையில் மச்சான். சைக்கிள் ரியூப் துண்டுகளை வெட்டுக்கு மேல் ஒட்டி, அவருக்கு உயிர் கொடுத்திருந்தாள்.

“இன்னும் ஒருத்தரும் எழுதித் தரல்லியே,” என்றேன். பகிடியாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

“சும்மா இரிங்க. வள்ளத்தைப் பிடிங்க.”

பிடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கி வைத்தாள். வள்ளம் ஒருமுறை ஆடியது. என் தோளை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது. பிறகு கிட்ட இருந்த பலகையில், எனக்கு வலப்பக்கமாக, மச்சானை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

மெதுவாக ஓட்டினேன். அவ்வளவு மெதுவாக நான் எதையும் ஓட்டியதில்லை. எங்களை முந்திக்கொண்டு ஒரு நீர்க்காகம் நீந்திப் போனது.

தெற்கே போகும்போது, போட் பக்கம் என்று சொல்லி, மச்சானை இடப்பக்கமாக எறிந்தாள். சரியாக எடுத்தேன். வடக்கே திரும்பி, மறுபடியும் இடப்பக்கமாகவே எறிந்தாள். கை எழுவானுக்குப் போனது. எஞ்சினை நிறுத்திவிட்டேன், மச்சான் பிழைத்தார். இன்னொரு தரம். மறுபடியும் எழுவான். மூன்றாம் தரமும் எழுவான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஐம்பது கடந்த மனிதன், ஒரு எண்ணெய்க் கலனுக்காக.

மலர் ஈரக் கலனை மடியில் வைத்தபடி யோசித்தாள்.

“இஞ்சாருங்க. கலியாணத்தில தாலி கட்டுமட்டும் என்னை எந்தப் பக்கம் இருத்தி வச்சாங்க?”

“வலப்பக்கம்.”

“தாலி கட்டின பிறகு?”

“மாத்தி இருத்தினாங்க. இடப்பக்கம்.”

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆடுகிற வள்ளத்தில், நடுவாவியில், ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். எழும்பி, குனிந்து, என் முழங்காலைத் தாண்டி, மற்றப் பக்கத்துப் பலகைக்குப் போய் இருந்தாள். முகத்தில் வியர்வை. மூச்சு வாங்கியது.

“இப்ப கிறுகுங்க.”

வள்ளம் வட்டமடித்தது. எழுவான்கரைத் தென்னைகள் ஒரு பக்கமாக வந்து, முன்னால் ஓடி, மற்றப் பக்கம் போயின. படுவான்கரையும் அப்படியே சுற்றி வந்தது. சூரியன்கூடத் தோள் மாறியது.

“நான் எங்க இரிக்கன்?”

“இடப்பக்கம்.”

“இன்னொருக்கா கிறுகுங்க. இப்ப?”

“இடப்பக்கம்.”

“கரை வரும், போகும். நான் இஞ்சதான். அண்டைக்குக் கட்டின கூறையும் சிவப்பு. போட் பக்கத்து லைட்டும் சிவப்பு. இதையும் மறந்தா உங்களைப் படைச்சவன்தான் காப்பாத்தோணும்.”

மச்சானை எறிந்தாள். நான் அவள் பக்கம் திருப்பினேன்.

அன்றைக்குப் பத்துத் தரம் எறிந்தாள். பத்துத் தரமும் அவரைச் சேதமில்லாமல் எடுத்தேன். கரைக்கு வந்ததும் இறங்கி, நாளைக்கும் இதே நேரம் என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

ஒரு ஆசனம் காலி

இரண்டாம் தடவையும் அதே பரீட்சகர். அதே தொப்பி. புது மச்சான், மீசை கீறப்படாதவர். பரீட்சகர் படகில் ஏறி, இந்தத் தடவை என் பக்கத்திலேயே, இடப்பக்க ஆசனத்தில் இருந்தார். என்னைக் கிட்ட இருந்து கவனிக்க வேண்டும் என்று முடிவெடுத்திருப்பார்.

அந்த இடத்தில் தொப்பியைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஞாபகம் வராது. கேட்டுவிட்டேன்.

“ஐயா, குறை நினைக்காதீங்க. கொஞ்சம் மற்றப் பக்கம் இருக்க ஏலுமா? அது என்ட மனுசிட இடம்.”

அவர் காலி ஆசனத்தைத் தேடுவதுபோலத் தன்னைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழும்பி வலப்பக்கம் போய் இருந்தார். தாளில் ஏதோ எழுதினார். மூளை பற்றிய குறிப்பாக இருக்கலாம்.

தெற்கே போனோம். திரும்பினோம். வடக்கே வரும்போது, எழுவான்கரையில் வெயில் ஏறி எல்லாம் மினுங்கிக்கொண்டிருக்கும்போது, தொப்பென்று சத்தம்.

“ஆள் தண்ணிக்குள்ள. போட் பக்கம்.”

காலியாக இருந்த அந்த ஆசனத்தைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. அந்தப் பக்கம் சுற்றினேன். படகின் வால் விலகியது. எஞ்சினை அடக்கி, வட்டமாக வந்து, காற்றுக்குத் தோள் கொடுத்து நிறுத்தி, புது மச்சானைக் காதைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கீறல் இல்லை.

கரைக்கு வந்து தாளில் கையெழுத்து வைக்கும்போது பரீட்சகர் சொன்னார். “உங்கட மனுசிக்கும் ஒண்டு எழுதோணும் போல கிடக்கு, ஐயா.”

எழுதித் தந்த பிறகு

சான்றிதழ் வந்த அன்று மலர் அதைக் கை கழுவிவிட்டு வாங்கினாள். முன்பக்கம் முழுவதும் படித்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை, அதையும் பார்த்தாள். மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். தங்கையிடம் போக வேண்டும் என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். முறைத்தாள்.

பயிற்சியின்போது அவள் ஏறியது படிப்பிக்க. இன்றைக்குத்தான் பிரயாணி. நல்ல சேலை, மடியில் பலகாரப் பெட்டி, இடப்பக்கத்துப் பலகை. பாதி வாவி கடந்தபோது கையைத் தண்ணீருக்குள் விட்டாள். விரல்களுக்கிடையால் தண்ணீர் பிரிந்து போவதை ஒரு குழந்தையின் தலையைத் தடவுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் எனக்குப் படிப்பித்த எல்லாவற்றிலும் முதலாவது பாடம், படகோட்டி முன்னால் பார்க்க வேண்டும் என்பது.

வள்ளம் மெத்தென்று ஒரு இடத்தில் நின்றது. சேறு. இருபத்தாறு வருடமாக அங்கேயே கிடக்கிற அதே மேடு. கரையில் தங்கை, கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சான்றிதழ் இருந்தது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மலர் பலகாரப் பெட்டியை என் மடியில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் சொருகினாள். தன் பக்கத்தால் தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்காலுக்கு மேல்தான் தண்ணீர்.

அவள் கரைக்கு நடந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். என்னிடம் கம்பு இருந்தும் கை எழவில்லை. அவள் இரண்டு அடி வைத்தாள். கரைப் பக்கம் இல்லை. வள்ளத்தின் அணியத்துக்கு வந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தாள்.

“எஞ்சினைப் போட்டிராதீங்க. மச்சானுக்கு நடந்தது எனக்கு வேணா,” என்றாள். “எந்தப் பக்கம் கிறுக்கோணும்?”

“உன்ட பக்கம்,” என்றேன்.

இழுத்தாள்.